பூரணிக்கு எடுத்த காப்பு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து, ஒட்டிக் கட்டிய அந்த வரிசை வீடுகளிலிருந்து, வெளிநாடு போனவர்கள் நிறையப் பேர். குவைத்துக்குப் போனவர்கள், சவுதிக்குப் போனவர்கள், போய்வந்து வீட்டுக்குக் கூரை மாற்றிவிட்டுத் திரும்பவும் போனவர்கள். எல்லாரும் சம்பளத்துக்குப் போனவர்கள்தான். சம்பளமே இல்லாத வேலைக்கு பிளேன் ஏறிப் போகிறேன் என்று கிளம்பிய முதல் ஆள் பூரணி.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீரய்யா சித்தப்பாவுக்கும் காளியாயி சின்னம்மாவுக்கும் ஒரே மகள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்க்கிறாள். வயது இருபத்துமூன்று. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் ஒன்றை மனதில் வைத்துவிட்டால் அதை விடமாட்டாள். பிள்ளைக்காம்பராவின் கூரை ஒழுகிய மழைக்காலத்தில், தினமும் வேலை முடிந்து தோட்டத்து ஆபீஸ் வாசலில் போய் நிற்பாள். சண்டை போடமாட்டாள். சிரித்த முகத்தோடு நிற்பாள், அவ்வளவுதான். கடைசியில் அவளைப் பார்க்கவே கூச்சப்பட்டு ஆள் அனுப்பி ஒழுகலை அடைத்துக் கொடுத்தார்கள்.

நான் சோலைமலை. எங்கள் தோட்டத்துக்கும் பொகவந்தலாவை பஜாருக்கும் இடையே த்ரீவீல் ஓட்டுகிறேன். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று நான் விசாரிப்பதில்லை. பின்சீட்டில் உட்கார்ந்து அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

ஹட்டனில் இருக்கும் ஓர் இளைஞர் அமைப்பு பூரணியைத் தேர்ந்தெடுத்திருந்தது. பல நாட்டுப் பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து நேபாளத்துக்குப் போய், அங்கே ஒரு மலைக்கிராமத்துக்குத் தண்ணீர்க் குழாய் போட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கக்கூஸ் கட்டிக் கொடுத்துவிட்டு வருவார்களாம். இரண்டரை மாதம். டிக்கட்டும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. கூலி கிடையாது.

“கூலி இல்லாம வேல செய்ய நேபாளத்துக்கு எதுக்கு போகணும்? அத இங்கயே செய்யலாமே!” என்று லயமே சிரித்தது. காளியாயி சின்னம்மாவுக்கு வேறு கோபம். “நம்ம பீலியில தண்ணி ஒழுங்கா வாரதில்ல. காலையில கொடத்தோட வரிசையில நிக்கிறோம். இவ ஊரான் ஊருக்கு கொழா போடப் போறாளாம்!”

“போடக் கத்துக்கிட்டு வந்தா இங்கயும் போடலாம்லம்மா” என்றாள் பூரணி. பதில் இல்லாதபோது சின்னம்மா சட்டி பானையைச் சத்தமாகக் கழுவுவாள். அன்றைக்கும் கழுவினாள்.

ஆயத்தம் தொடங்கியது. முதலில் பாரம் தூக்கிப் பழக வேண்டும். ஹட்டனில் ஒரு பழைய முதுகுப்பையைத் தேடிப்பிடித்து வாங்கிவந்தாள். பையில் வைக்கப் பாரம் வேண்டுமே, கல்லை வைத்தால் முதுகில் குத்துகிறது. வீட்டு அரிசியை மூட்டையோடு உள்ளே வைத்துக் கட்டிக்கொண்டு, விடியற்காலையில் மேல் மலை வரைக்கும் ஏறி இறங்குவாள். அதனால் அந்த வீட்டில் அரிசி ஊர்சுற்றிவிட்டு வந்த பிறகுதான் உலை கொதிக்கும். “எங்க வீட்டு அரிசிக்கு இருக்கிற தெம்பு எங்களுக்கு இல்ல” என்று வீரய்யா சித்தப்பா காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் சொல்லிச் சிரிப்பார். பொதுவாக அவர் சிரிக்கிற ஆள் இல்லை. மகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் சிரித்துவிடுவார்.

பிறகு சப்பாத்து. புதுச் சப்பாத்தை அங்கே போய்ப் போட்டால் கால் புண்ணாகிவிடும் என்று சொல்லியிருந்தார்களாம். அந்தப் பெரிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டுதான் தொட்டில் ஆட்டினாள், கஞ்சி ஊட்டினாள், கோயிலுக்கும் வந்தாள். கோயில் வாசலில் செருப்புகளுக்கு நடுவே அது பொலிஸ்காரர் யாரோ உள்ளே போயிருக்கிற மாதிரி நிற்கும். தடுப்பூசி போட டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். மலையே ஏறி இறங்குகிறவள், ஊசியைக் கண்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பட்டிப்பொலயில் கூடாரம் அடித்து ஒரு பயிற்சி முகாம் வைத்தார்கள். கொழும்புப் பிள்ளைகளுக்குக் குளிரில் பல் தந்தியடிக்க, இவள் ஒரு சுவெட்டரோடு சமாளித்திருக்கிறாள். ஆனால் பையைத் தூக்கச் சொன்னதும் அதன் வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு நின்றாளாம், கொழுந்துக்கூடையை மாட்டுகிற மாதிரி. தோளில் போட்டு இடுப்புப் பட்டியை இறுக்க வேண்டும் என்று சொல்லித் தந்தார்களாம். ஹட்டனிலிருந்து திரும்பும் வழியெல்லாம் அதைச் சொல்லி அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பயண நாள் வரும் வரைக்கும். அது எங்கள் மாரியம்மன் திருவிழாவின் நட்ட நடுவில் வந்து விழுந்தது.

எங்கள் தோட்டத்தில் பங்குனித் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு காப்புக் கட்டுவோம். மஞ்சள் துண்டு கோத்த கயிறு, ஆணுக்கு வலக்கையில், பெண்ணுக்கு இடக்கையில். கட்டுகிற நேரத்தில் எல்லைக்குள் இருக்கிற யாரும், மஞ்சள் நீராட்டு முடிந்து காப்பு அவிழ்க்கிற வரைக்கும் வெளியே இராத் தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பொழுது சாய்வதற்குள் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி உள்ளே வந்துவிட வேண்டும். கவிச்சி தொடக்கூடாது. இதையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறவர் கோயில் தலைவர். கோயில் தலைவர் யார் என்றால், வீரய்யா சித்தப்பா.

அவர் எப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் எனக்கு வேலை கிடைத்தது. காப்புக் கட்டிய மறுநாள்தான் போன் வந்தது, உடனே வந்து சேரச் சொல்லி. பையோடு பாலத்துக்குப் போனால், அங்கே குடையை ஊன்றிக்கொண்டு சித்தப்பா நிற்கிறார். “காப்ப அவுத்துட்டு போடா. அதுவரைக்கும் இந்தப் பாலம் ஒனக்கு தெறக்காது.” கெஞ்சினேன், கத்தினேன். அசையவில்லை. கடைக்காரர் வேறு ஆள் வைத்துவிட்டார். அன்றிலிருந்து சித்தப்பாவை என் வண்டியில் ஏற்றுவேன், கூலியும் வாங்கிக்கொள்வேன், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

ஆகவே பயண நாளைக் கேள்விப்பட்டதும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது உண்மை. இப்போது என்ன செய்வார் என்று பார்க்க வேண்டும் என்பதற்காகவே, பஜாரிலிருந்து கேஸ் சிலிண்டரைக் கொண்டுபோய் இறக்குகிற சாக்கில் அவர்கள் வீட்டில் நின்றேன்.

“தலைவர் மகதானே. நாலு நாளைக்கு ஆத்தா கண்ண மூடிக்கிருவா” என்றாள் சின்னம்மா.

சித்தப்பா தலையைத் தூக்கவில்லை. “சோலமலைக்கு தெறக்காத பாலம் எம்மகளுக்கு தெறக்குமா?” என்றார். நான் அங்கே நிற்பதை அவர் கவனித்தாரோ இல்லையோ, எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த பூரணி கேட்டாள். “அப்பா, காப்பு கட்டுறப்ப நான் எல்லைக்குள்ளயே இல்லாட்டி?”

அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். “அப்ப ஒன்ன கட்டுப்படுத்தாது.”

“அப்ப நான் முன்னாடியே போயிர்றேன். முனீரா வீட்ல தங்கிக்கிறேன்.”

முனீரா அவளோடு படித்தவள். பாலத்தைத் தாண்டியதும் பஜார் தொடங்குகிற இடத்தில் அவள் வாப்பா ஹுசைனின் மளிகைக்கடை, கடைக்குப் பின்னால் வீடு. கேட்ட உடனே முனீரா ஓடிவந்துவிட்டாள். “உம்மா சொல்லிட்டாங்க. எங்கட ரூம்லதான் நீ. வேற பேச்சே இல்ல.”

பிரச்சினை தீர்ந்துவிட்டது. யாரையும் ஏமாற்றவில்லை, வழக்கத்தையும் மீறவில்லை. ஆனால் சின்னம்மா மட்டும் சட்டி பானையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். “பொறந்ததுல இருந்து ஒரு திருவிழாவுக்கும் அவ இல்லாம இருந்ததில்ல” என்றாள், யாரையும் பார்க்காமல்.

காப்புக் கட்டு நாள் காலையில் வாழைமரமும் பூவும் பூசணிக்காயும் வாங்க சித்தப்பாவை பஜாருக்கு ஏற்றிப்போனேன். அன்றைக்கு ஓட்டம் அதிகமாக இருக்கும் என்று பெட்ரோல் செட்டில் நிறுத்தி அடித்துக்கொண்டேன். நேரமாகிறது என்று அவர் முணுமுணுத்தார். மத்தியானம் பூரணியை ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன். பையிலிருந்து அரிசி இறங்கி, உடுப்பு ஏறியிருந்தது. சின்னம்மா கோயில் வாசலைக் கூட்டுகிறேன் என்று போய்விட்டாள், வழியனுப்ப வரவில்லை. முனீராவின் உம்மா ஸுலைஹா கதவைத் திறந்து, “வா மகள்” என்று பையை வாங்கிக்கொண்டார்.

சாயந்திரம் தப்பு முழங்கியது. தோட்டமே கோயில் முன்னால். எல்லை கட்டியாயிற்று, பாலத்திலும் எலுமிச்சம்பழம் வெட்டிப் போட்டாயிற்று. சின்னத்தம்பி பூசாரி ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். வீட்டுக்கு ஒருத்தர் போய், அம்மன் முன்னால் பெயர்களைச் சொல்லிக் காப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். தலைவர் வீடு முதலில். எப்போதும் போலச் சின்னம்மா போனாள்.

“எத்தன கை?”

“மூணு சாமி. வீரய்யா, காளியாயி, பூரணி.”

பூசாரி மூன்று மஞ்சள் கயிறுகளை அவள் உள்ளங்கையில் வைத்தார். அந்த மூன்றைப் பார்த்த பிறகுதான் சின்னம்மாவுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. இருபத்துமூன்று வருஷமாகச் சொல்லிவந்த மூன்று பெயரை வாய் தானாகச் சொல்லிவிட்டது. தப்பு அடித்தவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

“பேரு சொல்லி எடுத்துட்டியே காளியாயி” என்றார் பூசாரி, பாவமாக. “ஆத்தா முன்னால எடுத்த காப்ப திருப்பி வாங்குற வழக்கம் இல்லயே.”

“அப்ப புள்ளைய கூப்புட்டுத்தான் ஆகணும்” என்றது ஒரு குரல். “சோலமலைக்கு ஒரு சட்டம், தலைவர் மகளுக்கு ஒரு சட்டமா?” என்றது இன்னொரு குரல். எனக்காகப் பேசச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை.

கூப்பிட்டால் அவள் வந்துவிடுவாள். அப்பாவுக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்பதற்காக, ஒரு வார்த்தை பேசாமல் பையோடு பாலத்தைத் தாண்டி வந்து கையை நீட்டுவாள். திருவிழா முடிகிறபோது மற்றவர்கள் நேபாளத்தில் இருப்பார்கள். இது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். சித்தப்பாவுக்கும் தெரியும்.

அவர் என் பக்கம் திரும்பினார். “சோலமல, வண்டிய எடு. புள்ளைய கூட்டியா.” குரல் கரகரத்தது.

இந்த மனிதர் ஒருநாள் மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வருஷம் காத்திருந்தவன் நான். பார்த்தேன். ஒரு துளி சந்தோஷமும் வரவில்லை. விடியற்காலையில் அரிசி மூட்டையோடு மலையேறுகிற அந்தப் பிள்ளையின் முதுகுதான் கண்ணுக்குள் நின்றது.

“வண்டியில பெட்ரோல் இல்ல சித்தப்பா” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “அப்ப நானே நடந்து போயி கூட்டியாறேன். என் கொடை எங்க?” என்று சுற்றிச்சுற்றித் தேட ஆரம்பித்தார். குடை அவர் முழங்கையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பாவம், மனுஷன் ஆடிப்போய்விட்டார் என்று நினைத்தேன். யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே சின்னம்மா பூசாரி முன்னால் இடக்கையை நீட்டினாள். “எடுத்தவ நானு. அவ கேக்கவும் இல்ல, அவளுக்கு தெரியவும் தெரியாது. ரெண்டையும் என் கையில கட்டுங்க. அவளுதயும் நானே சொமக்கறேன்.”

பூசாரி அம்மனைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். “கட்டலாம். ஆனா ஒன்னோடத மஞ்ச தண்ணி அன்னிக்கி அவுக்கலாம். அவளுத அவ கையாலதான் அவுக்கணும். அவ வார வரைக்கும் ராவுல எல்ல தாண்டக்கூடாது. கவிச்சி கூடாது. முடியுமா?”

“முடியும்” என்றாள் சின்னம்மா. கருவாட்டை அந்த நேரத்தில் அவள் மறந்துபோயிருக்க வேண்டும். கருவாடு இல்லாமல் சோறு இறங்காத ஆள் அவள். மூன்று கயிறும் கட்டியாயிற்று. தப்பு திரும்ப முழங்கியது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் பூரணி திருவிழாவைத் தூரத்திலிருந்து பார்த்தாள். கட்டுப்பாடு தனக்கு இல்லாவிட்டாலும் அவள் கவிச்சி தொடவில்லை. அதைக் கவனித்த ஸுலைஹா வீட்டில் மீன் வாங்குவதையே நிறுத்திவிட்டார். கிளம்புகிற காலையில் லயத்துச் சனம் பாலத்துக்கு வந்து நின்றது. பகலில் தாண்டலாம்தான். ஆனாலும் சின்னம்மா பயந்துபோய் இந்தக் கரையிலேயே நின்றுவிட்டாள். பூரணி பாலத்தின் இந்த முனை வரைக்கும் வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள்.

“ஏம்மா ரெண்டு கட்டியிருக்கீங்க?”

“ஒண்ணு ஒன்னோடது. மறந்துபோயி எடுத்துட்டேன். நீ வந்து அவுத்துவுடு, போ.”

பூரணி அழுதாள். சின்னம்மாவும் அழுதாள். சித்தப்பா குடையை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

அதற்குப் பிறகு சின்னம்மா பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். மஸ்கெலியாவில் தங்கை மகள் கல்யாணத்துக்கு விடியற்காலையில் போய், பிரியாணியை மோந்து பார்த்துவிட்டு, பொழுது சாயும் முன் என் வண்டியில் திரும்பிவந்தாள். பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். கொழுந்து பறித்துப் பறித்து மஞ்சள் கயிறு கறுத்துப்போனது. ஆனால் ஒருநாளும் அலுத்துக்கொள்ளவில்லை. யார் கேட்டாலும் கையைத் தூக்கிக் காட்டி, “எம்மக நேபாளத்துல இருக்கா” என்பாள். ஊரான் ஊருக்குக் குழாயா என்று கோபப்பட்டவள் அவள்தான், அதை இப்போது நான் நினைவுபடுத்தவில்லை.

ஒருநாள் பூரணி போனுக்குப் படம் அனுப்பினாள். செங்குத்தான மலை, அதில் பெண்கள் வரிசையாக ஏறுகிறார்கள். முதுகில் கூடை, கூடையின் வார் நெற்றியில். கடைசி ஆள் பூரணி. அவள் பையின் வாரும் நெற்றியில்தான் இருந்தது. சின்னம்மா படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள். “இது எந்தத் தோட்டம்டா?”

ஆனி மழை கொட்டுகிற ஒருநாள் அவளை ஹட்டனிலிருந்து கூட்டிவந்தேன். மெலிந்திருந்தாள், கறுத்திருந்தாள், பேச்சு நிற்கவில்லை. கிராமத்துக்குத் தண்ணீர் வந்த அன்றைக்கு அங்கிருந்தவர்கள் குழாயைத் திறந்தும் மூடியும் விளையாடினார்களாம். பஜாரில் ஹுசைன் கடையில் நிறுத்தச் சொல்லி, ஸுலைஹாவையும் முனீராவையும் கட்டிக்கொண்டு, ஏதோ வாங்கிப் பையின் மேல்பக்கம் செருகிக்கொண்டாள்.

பாலத்தில் சின்னம்மா கொங்காணியை, அந்தச் சாக்கு முக்காட்டை, தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். அவளையும் ஏற்றிக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனோம். முடிச்சு இறுகிப்போய் நகத்துக்கு வரவில்லை. பூரணி பல்லால் கடித்து அவிழ்த்து, கயிற்றை அம்மன் காலடியில் வைத்தாள். பிறகு பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்து அம்மா கையில் கொடுத்தாள். கட்டா கருவாடு. சின்னம்மா பொட்டலத்தை மோந்தாள். “நல்ல கருவாடுதானா, இல்ல ஈரமா இருக்கா?” என்று அதட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அன்றைக்கு ராத்திரி எனக்கும் அங்கேதான் சாப்பாடு. பூரணி, பீலிக்கு மேலே தண்ணீரைத் தேக்க எங்கே தொட்டி கட்டலாம் என்று விரலால் தரையில் கீறிக் காட்டிக்கொண்டிருந்தாள். சின்னம்மா யாரையும் கவனிக்காமல் கருவாட்டோடு ஒன்றியிருந்தாள். சித்தப்பா என் தட்டில் ஒரு பெரிய துண்டைத் தூக்கி வைத்துவிட்டு, குனிந்தபடியே கேட்டார்.

“அன்னிக்கி வண்டியில பெட்ரோல் இருந்துச்சுல்ல?”

“இருந்துச்சு சித்தப்பா.”

“எனக்கு தெரியும்டா. நீ அடிக்கிறப்ப பின்னாலதான ஒக்காந்திருந்தேன்.”

“அப்ப ஏன் அன்னிக்கி ஒண்ணும் சொல்லல?”

அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நான் கொடைய தேடிக்கிட்டு இருந்தேன்” என்றார்.